பொன்னழகு பூசாரியும் வருமான வரியும்

பத்து லட்சத்து ஐம்பத்தாறாயிரம்.

இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வடமதுரையைத் தாண்டி திருச்சி ரோட்டோரம் இருக்கும் ஒரு கருப்பணசாமி கோயிலின் பூசாரி பொன்னழகு. அவருடைய பேங்க் கணக்கில் ஒரே வருடத்தில் வந்து விழுந்த பணம் இது. இதில் ஒரு ரூபாய்கூட அவர் வாய் திறந்து கேட்டதில்லை.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான ஆள். ஓரிடத்தில் உட்கார மாட்டார். பதினான்கு வருடம் நூல் மில்லில் ரிங் பிரேமுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்தவர், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே. மில் மூடிப் பல வருடம் ஆகியும் கால் நிற்கவில்லை. கோயிலுக்கு வந்தாலும் நடைதான். மரத்தடிக்கும் கருவறைக்கும் ரோட்டுக்குமாக.

அந்தக் கருப்புக்கு வண்டிகளின் மேல் தனிப் பிரியம் என்று லாரிக்காரர்கள் நம்புகிறார்கள். புது லாரி, டிராக்டர், பொக்லைன் எது எடுத்தாலும் முதலில் இங்கேதான் வரும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு மாலை, சாவி சாமி காலடியில். பூசை முடிந்ததும் பூசாரி தட்டைத் திண்டில் வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி சாமியைப் பார்த்து நின்றுகொள்வார். அவர்கள் போடுவதைப் போட்டுவிட்டு நகர வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பூசாரி பார்க்கக் கூடாது. அவர் அப்பா காலத்து முறை அது. காரணம் கேட்டால் பொன்னழகு ஒரே வரியில் சொல்வார்.

"தெரிஞ்சா திருநீறு குடுக்கிற கை மாறிப்போகும்."

பிறகு போன் வந்தது. லாரி ஓனர்கள் சட்டைப் பையில் பணம் வைப்பதையே விட்டுவிட்டார்கள். பொன்னழகுவின் மனைவி பாண்டிச்செல்விதான் ஸ்கேன் பண்ணும் அட்டை ஒன்றை அவர் பெயரிலேயே வாங்கித் தூணில் ஒட்டினாள். அதோடு ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இலவசமாக வந்தது. பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும். அறுபது லட்சம் ரூபாய்க்கு டாரஸ் வண்டி எடுத்த ஒருவர் பூசை முடித்துப் போனைக் காட்டினார். பெட்டி ஊருக்கே கேட்கும்படி, "பதினோரு ரூபாய் பெறப்பட்டது" என்றது. கிளீனர் முதல் கூட வந்த மாமியார் வரை சிரித்துவிட்டார்கள். அந்த ஆள் திருநீறு வாங்காமலே வண்டியில் ஏறினார். அன்று சாயங்காலமே பெட்டி அரிசி டிரம்முக்குள் போய்விட்டது. அட்டை மட்டும் தூணில் இருந்தது.

அந்த அட்டையில்தான் எல்லாம் வந்தது. பூசைக்குக் கொடுப்பது வந்தது. மாசித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு போடும் தலைக்கட்டு வரியும் அதிலேயே வந்தது. ஏனென்றால் கோயில் கமிட்டிக்குப் பேங்க் கணக்கு கிடையாது. கணக்குத் தொடங்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அந்த மூன்று பேரும் ஒரே நாளில் பேங்க் வாசலில் நின்றதாக வரலாறு இல்லை. கோயிலுக்குக் கல் தளம் போட கரூர் பக்கத்து லாரி ஓனர் ஒருவர் இரண்டு தவணையாக அனுப்பிய மூன்று லட்சத்து இருபதாயிரமும் அதே கணக்கில் இறங்கியது.

நவம்பர் மாதம் வருமான வரி இலாகாவிலிருந்து போனுக்குத் தகவல் வந்தது. பாண்டிச்செல்வி வாசித்தாள். உங்கள் கணக்கில் இவ்வளவு வரவு இருக்கிறது, நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை, டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செய்யவும்.

"நமக்கா அனுப்பிருக்கான்? ஆளு மாத்தி அனுப்பிருப்பான்" என்றார் பொன்னழகு.

"பேரு போட்டிருக்கு, அப்பா பேரு போட்டிருக்கு, ஆதார் நம்பரு கடைசி நாலு போட்டிருக்கு. இன்னும் போட்டோதான் போடல."

"அது சாமி காசுத்தா."

"சாமிக்கு ஆதார் இல்லேல்ல. உங்களுக்குத்தான இருக்கு."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். சூடம் ஏற்றிவிட்டுத் தட்டை எங்கே வைத்தோம் என்று தேடினார். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் திண்டுக்கல் வரை நின்றுகொண்டே போனார்.

திண்டுக்கல்லில் ஆடிட்டரைப் பார்க்கும் முன்பு சூசைமுத்துவைப் பார்த்தார். இருவரும் ஒரே மில், ஒரே ஷிப்ட். மில் மூடியதும் பொன்னழகு அப்பாவின் தட்டை எடுத்தார். சூசைமுத்து ஒரு பங்குக் கோயிலில் உபதேசியார் ஆனார். சாமியார் இல்லாத நேரத்தில் ஜெபம் சொல்வது, சாவு வீட்டுக்குப் போவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நின்றார்கள். பொன்னழகு டீயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார்.

"ஒரு எடத்துல நில்லுப்பா, டீ சிந்துது. மிசினா ஓட்டுற?" என்றார் சூசைமுத்து.

"ஒங்க கோயில்ல எப்படிப்பா பண்றாக?"

"பூசைக்குக் குடுக்கிறது நோட்டுல ஏறும், ரசீது கிழிப்பாக. மேல இருக்கிறவுக பாத்துக்கிருவாக. எனக்கு மாசச் சம்பளம். அதுக்கு வரி போடணும்னா வரி ஆபீசரே அழுதுருவாரு."

"ஜெபத்துக்குப் போனா கவர்ல குடுப்பாகளே?"

சூசைமுத்து டீயை ஒரு மடக்குக் குடித்தார். "குடுப்பாக."

"அது?"

"அது சட்டைப் பையி. யோவ், பேகம்பூர் பள்ளிவாசல் அக்பர் அலி அசரத்தக் கேட்டேன். நிக்காவுக்குப் போனா அவருக்கும் கவர்தான். நீ ஏம்ப்பா ஊருக்கு முன்னாடி தூணுல அட்டைய ஒட்டுன?"

"நான் ஒட்டல. செல்வி ஒட்டுச்சு."

"அப்ப வரியும் செல்விய கட்டச் சொல்லு."

பொன்னழகு சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆடிட்டர் இளஞ்செழியன் சின்ன வயது. மாடியில் ஒரு ரூம், இரண்டு கம்ப்யூட்டர். பேங்க் கணக்கை அச்செடுத்து மேசையில் பரப்பினார். நாற்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், தொகை. பொன்னழகு ஒரு தடவை பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னண்ணே?"

"தம்பி, பேரு இருக்கிற பக்கத்த ஒரு பேப்பர வச்சு மறைங்க."

"பேரப் பாக்காம எப்படிண்ணே பிரிக்கிறது? எது உங்களுது, எது கோயிலுதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"தேதி வச்சுச் சொல்லிருவேன். மறைங்க."

இளஞ்செழியன் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு காலண்டர் அட்டையை எடுத்துப் பெயர்களின் மேல் வைத்தார். பொன்னழகு தேதிகளை மட்டும் வாசித்தார். மாசித் திருவிழா பத்து நாளும் பூசாரி காசு தொடக் கூடாது, வருவதெல்லாம் சாமிக்கு. அந்தப் பத்து நாளில் வந்தது இரண்டு லட்சத்து ஆறாயிரம். வரவு செலவு நோட்டீஸ் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்கள், ஒன்று கையிலேயே இருந்தது. அது கோயில் பணம் என்பதில் தகராறு இல்லை. மிச்சம் எட்டரை லட்சம். அதில் கல் தளத்துக்கு வந்த மூன்று லட்சத்து இருபது போனால், பூசைக்கு வந்தது ஐந்து லட்சத்து முப்பதாயிரம்.

"இது மக்க பிரியப்பட்டுக் குடுத்தது தம்பி. நான் கேக்கல."

"கேக்கலேன்னாலும், நீங்க பூசை பண்ணுனீங்க, அதுக்குக் குடுத்தாங்க. தட்டுல போட்டாலும் சரி, போன்ல அனுப்புனாலும் சரி, சட்டத்துல அது உங்க தொழில் வருமானம்ணே. சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு மொய் எழுதுற மாதிரி இல்ல."

"அப்ப வரி?"

"அஞ்சு முப்பதுன்னா வரியே வராது. அந்த வருசம் ஏழு லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கு. லேட்டானதுக்கு ஃபைன் மட்டும் கட்டணும். ஆனா கல்லுக் காசு உங்களுது இல்லேன்னு காட்டணும். கல்லு வாங்குன பில் யார் பேர்ல?"

"கமிட்டித் தலைவர், குருசாமி அண்ணன் பேருல."

"அவர்ட்ட குடுத்ததுக்கு ரசீது?"

பொன்னழகு ஜன்னல் பக்கம் போய்விட்டார். ரசீது இல்லை. இரண்டு தவணையும் வந்த அன்றே பேங்கில் எடுத்து, வெற்றிலை மேல் வைத்து, கருப்பு முன்னால் குருசாமி கையில் கொடுத்தார். சாமி பணம் பூசாரி வீட்டில் ஒரு ராத்திரி தங்கக் கூடாது. சாமி முன்னால் கை மாறியதற்குச் சீட்டு கேட்கவும் கூடாது. கேட்டால் சாமியின் சாட்சி போதவில்லை என்று சொன்னதாகிவிடும். அந்தக் கோயிலில் அப்படிக் கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை.

"ரசீது வேண்டாம்ணே. வாங்கிக்கிட்டேன்னு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்க, போதும்" என்றார் இளஞ்செழியன். பிறகு குரலைத் தணித்தார். "இல்லேன்னா செலவுன்னு ஒரு ரெண்டு லட்சத்தக் கழிச்சுப் போட்ருவோமா? பூ, பழம், எண்ணெய்..."

"எலுமிச்சம்பழம் வண்டிக்காரன் கொண்டாரான். எண்ணெய் கமிட்டி வாங்கிப் போடுது. எனக்கு என்னத்த செலவு? தீப்பெட்டி ஒன்னு."

ஆடிட்டர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

குருசாமி வடமதுரையில் உரக்கடை வைத்திருக்கிறார். பொன்னழகுவுக்குப் பங்காளி, பத்து வயது மூத்தவர். தளம் போட்டதில் ஒரு ரூபாய் அவர் தின்றதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கல் நல்ல கல். வேலை சுத்தமான வேலை. ஆனால் அந்தத் தூணில் ஒட்டிய அட்டை இரண்டு வருடமாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"வாப்பு. கடிதாசியா? தாராளமா தாரேன். உக்காரு, செத்த நேரம்" என்றார். பொன்னழகு உட்காரவில்லை. மூட்டைகளுக்கு நடுவே நின்றார்.

குருசாமி மேசையிலிருந்து ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். வரித் தகவல் ஊருக்குள் பரவி ஒரு வாரம் ஆகியிருந்தது. பொன்னழகு வாசித்தார். மேற்படி கணக்கில் வந்த பத்து லட்சத்து ஐம்பத்தாறாயிரமும் கோயில் பணம். பூசாரிக்கு அதில் பாத்தியம் இல்லை. வரும் தை முதல் தட்டுக் காணிக்கை முழுவதும் கமிட்டியைச் சேரும். பூசாரிக்கு மாதம் ஆறாயிரம் சம்பளம்.

"அண்ணே, நான் கல்லுக் காசுக்குத்தான கேட்டேன்."

"ஏலே, மொத்தத்தையும் கோயிலுதுன்னு எழுதிட்டா ஒனக்கு ஒத்த ரூவா வரி வராதுல்ல? நான் நல்லதுதான சொல்றேன்."

"பூசை பண்ணுனது நானு."

"பண்ணு. யாரு வேணாமுன்னா? வாரது யாருக்குப்பா? ஒன் மூஞ்சிக்கா வாரான் லாரிக்காரன்? கருப்புக்கு வாரான்."

"கருப்புதான் சூடத்தக் கொளுத்துறாரா?"

"வாயி நீளுது. கையெழுத்துப் போட்டா கடிதாசி. இல்லேன்னா ஆபீசுல நீயே பேசிக்க."

சிக்கல் இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால் வரியும் இல்லை, ஃபைனும் இல்லை. தட்டும் இல்லை. அப்பாவிடமிருந்து வந்த தொழில் ஆறாயிரம் ரூபாய்க் கூலியாகும், அந்தக் கூலியும் குருசாமி நினைத்த நாளில் நிற்கும். போடாவிட்டால் தன் கையில் ஒரு பொழுதுகூடத் தங்காத மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும்.

அந்த டிசம்பர் முழுக்க பொன்னழகு நடந்தார். காலையில் கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து திரும்பவும் நடந்தார். ஒரு நாள் அய்யலூர் வரை போய்விட்டு ஏன் வந்தோம் என்று தெரியாமல் பஸ் ஏறித் திரும்பினார். பாண்டிச்செல்வி முதலில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"வம்பெதுக்கு? போட்டுத் தொலைங்க. இருக்கிறத வச்சுக் கஞ்சியக் குடிப்போம்."

"ஆறாயிரம் சம்பளமாம்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "நாளைக்கா?"

"மாசத்துக்குத்தா."

"அந்த ஆளு கடையில மூட்டை தூக்குறவனுக்கே பதினஞ்சு." கீரைக் கட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ரெண்டு சோப்பும் சேத்துத் தருவாரான்னு கேக்கலையா?" என்றாள்.

சோப்பு என்றதும் பொன்னழகு அவளை நிமிர்ந்து பார்த்தார். மில்லில் ஒரு தீபாவளிக்கு முதலாளி போனஸ் தரவில்லை. ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் கவரும் சோப்பு டப்பாவும் கொடுத்தார். கவரில் "அன்பளிப்பு" என்று அச்சடித்திருந்தது. போனஸ் என்றால் சட்டப்படி அடுத்த வருடமும் கேட்கலாம். அன்பளிப்பு என்றால் கேட்க முடியாது. கேட்டில் நின்ற இருநூறு பேரில் கவரைத் திருப்பிக் கொடுத்தது முப்பத்தொரு பேர். நானும் அதே மில்தான்; அன்று கேட்டில் கணக்கெடுத்தவன் நான், அதனால் தெரியும். பொன்னழகு அதில் ஒருவர். அவர் அன்றைக்கும் சத்தம் போடவில்லை. கவரை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, "சம்பளத்துல போட்டுக் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. உச்சி பூசைக்குக் கமிட்டி ஆட்கள் வந்திருந்தார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து புது மினி லாரி ஒன்றும் வந்து நின்றது. பொன்னழகு பூசையை முடித்தார். தட்டை வழக்கமான இடத்தில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு குருசாமி முன்னால் வந்தார். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, சாமி முன்னாடி ஒன்னு கேக்குறேன். கல்லுக்கு ரெண்டு தவணை, மூணு லட்சத்து இருவது. நான் ஒங்க கையில குடுத்தனா இல்லையா?"

எல்லோரும் குருசாமியைப் பார்த்தார்கள். மினி லாரிக்காரர் ஒன்றும் புரியாமல் கும்பிட்ட கையை இறக்காமலே நின்றார்.

குருசாமி தடுமாறவில்லை. சூடத்தின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குடுத்த. வாங்குனேன். கல்லாப் போட்டேன், நீ நிக்கிறது அது மேலதான். கருப்பு மேல ஆணையா யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன்."

"அத எழுதித் தாங்க."

"எழுதித்தான வச்சிருக்கேன். நீ கையெழுத்துப் போடு."

"அது வேற எழுத்துண்ணே."

"வாயால சொன்னதுக்கு சாமி சாட்சி. பேப்பருக்கு நான்தான் சாட்சி. என் பேப்பரு என் இஷ்டம்."

கமிட்டி ஆட்கள் குனிந்து கல் தளத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். கேட்டால் அத்தனை பேரும் சாமி முன்னால் சொல்வார்கள். ஒருவரும் எழுதித் தர மாட்டார்கள். பேனா பிடித்தால் நாளைக்கு உரம் கடன் கிடைக்காது.

"சரிண்ணே" என்றார் பொன்னழகு. "அப்ப அதுவும் என் வருமானம்னே எழுதிர்றேன்."

"என்னலே சொல்ற?"

"கல்லுக் காசுக்கும் வரி கட்டிர்றேன். என் கணக்குல வந்துச்சு, என் பேரு போட்டு வந்துச்சு. கட்டிர்றேன். தட்டு என்கிட்டயே இருக்கட்டும்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? வராத காசுக்கு எவனாச்சும் வரி கட்டுவானா?"

"ஒங்க பேப்பருல கையெழுத்துப் போட்டா, வந்த காச வரலேன்னு சொல்லணும். இது தேவலண்ணே."

செருப்பை மாட்டிக்கொண்டு போன குருசாமி, ரோட்டருகே நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். மினி லாரிக்காரர் மெதுவாக, "ஏனுங்க பூசாரி, நாங்க காசு போடலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார். பொன்னழகு தட்டைத் திண்டில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பி நின்றுகொண்டார்.

சாமி பணத்துக்கு அவர் வரி கட்டியிருக்கக் கூடாது என்று இந்த ஊரில் படித்தவர்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள். மேல்முறையீடு இருக்கிறதாம், கரூர்க்காரரிடம் கடிதம் வாங்கியிருக்கலாமாம், வேறு நல்ல ஆடிட்டர் இருக்கிறாராம். இருக்கட்டும். இதைச் சொன்னவர்களில் அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் நின்ற கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் அடக்கம்.

திங்கட்கிழமை பாண்டிச்செல்வி தான் மாதாமாதம் கட்டிவந்த ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்துப் பணத்தை முடிச்சாகக் கொடுத்தாள். இந்தத் தடவை இருவரும் சேர்ந்தே திண்டுக்கல் போனார்கள். இளஞ்செழியன் இன்னொரு தடவை கேட்டார்.

"அண்ணே, நல்லா யோசிச்சீங்களா? எட்டரை லட்சமும் உங்க வருமானம்னு போடப்போறேன். தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

"பூசாரின்னு போடுங்க."

"அப்படி ஒரு பேரு லிஸ்டுல இல்லண்ணே. இதர சேவைன்னுதான் வருது."

"பூசைன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுத முடியுமா?"

இளஞ்செழியன் தேடினார். விவரம் எழுதும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் "வாகன பூசை" என்று ஆங்கில எழுத்தில் தட்டினார். பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்து, சரி என்றாள். பொன்னழகு அறைக்குள் மூன்று தடவை நடந்துவிட்டு வந்து, அன்றைக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வரி, வட்டி, தாமதக் கட்டணம், எல்லாம் சேர்த்து அவர் கட்டியது 47,970 ரூபாய்.